ஆடியில் தொடங்கி மார்கழியில் 21 கிலோமீட்டர்: காயமில்லாமல் முதல் ஹாஃப் மாரத்தான் ஓட ஒரு வழிகாட்டி

இதுவரை ஓடிப் பழக்கமில்லாதவர், வேலைக்குப் போகிறவர், சென்னையிலோ அதைப் போன்ற புழுக்கமான ஊரிலோ இருப்பவர், ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் 21.1 கிலோமீட்டர் ஓட நினைப்பவர். இப்படிப்பட்ட ஒருவருக்காக இதை எழுதுகிறேன். 10 கிலோமீட்டர் போதும் என்பவர்களும் முதல் பாதியை அப்படியே பின்பற்றலாம்.

முழங்காலுக்குக் கீழே முன்எலும்பில் வந்த ஒரு வலிக்காக மருந்துக்கடை, எக்ஸ்ரே, ஒரு மருத்துவர், இன்னொரு மருத்துவர் என்று பல மாதம் அலைந்தேன். கடைசியில் எலும்பில் மயிரிழை விரிசல் என்று எம்.ஆர்.ஐ.யில்தான் தெரிந்தது. அந்த அலைச்சலில் எனக்குப் புரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக ஓடுகிறவருக்கு மூச்சு சில வாரங்களிலேயே பழகிவிடும். தசைக்கு இன்னும் கொஞ்ச காலம் பிடிக்கும். தசைநாரும் எலும்பும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். சுமை ஏறும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதியை அரித்து எடுக்கிறது, பிறகுதான் அந்த இடத்தில் புதிதாகக் கட்டுகிறது. அரிப்பது சில வாரம், கட்டி முடிப்பது சுமார் 3 மாதம். இடைப்பட்ட காலத்தில் அந்த எலும்பு முன்பைவிட வலு குறைந்தே இருக்கும். சரியாக அதே நேரத்தில்தான் மூச்சு வாங்காமல் ஓட முடிகிற சந்தோஷத்தில் தூரத்தைக் கூட்டுவோம். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒரு ஆபத்தைச் சுற்றியே அமைந்தவை.

1. பதிவு செய்வதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள்

40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம் உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்போ திடீர் மரணமோ நேர்ந்திருந்தால் அவர்கள், மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுகுவதோ மயக்கம் வருவதோ உண்டென்றால் அவர்கள், ஷூ வாங்குவதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றவர்களும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, ஹீமோகுளோபின், வைட்டமின் டி, ஈ.சி.ஜி. ஆகியவை அடிப்படைப் பரிசோதனைகள். தனியார் லேப் என்றால் எல்லாம் சேர்ந்து சுமார் 2,000 முதல் 3,000 ரூபாய் ஆகலாம். வைட்டமின் டி-தான் இதில் விலை கூடியது. மருத்துவர் தேவை என்று நினைத்தால் எக்கோவும் டிரெட்மில் பரிசோதனையும் எழுதுவார், அதற்குத் தனிச் செலவு. பெண்கள் ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்துள்ள இரும்பைக் காட்டும்) அளவையும் கேட்டுப் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாகக் காட்டி இரும்புச் சேமிப்பு மட்டும் தீர்ந்திருப்பது உண்டு. ஓட ஆரம்பித்த பிறகு தீராத அசதியாக அது வெளிப்படும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், ஓடும் நாளில் அளவை எப்படி மாற்றுவது என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை எடுப்பவர்களும் வெயிலில் ஓடப்போவதாகச் சொல்லிவிட வேண்டும்.

சில போட்டிகளில் மருத்துவர் கையெழுத்திட்ட உடல்தகுதிச் சான்று கேட்பார்கள். இந்தச் சந்திப்பிலேயே ஒன்று வாங்கிவிட்டால், கடைசி வாரத்தில் எந்தப் பரிசோதனையும் பார்க்காமல் யாரிடமோ கையெழுத்து வாங்கும் நிலைமை வராது.

2. போட்டி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

சென்னை மாரத்தான் வழக்கமாக ஜனவரியின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். பூஜ்ஜியத்திலிருந்து 21 கிலோமீட்டருக்கு 24 வாரம் வேண்டும். அங்கிருந்து பின்னால் எண்ணினால் ஜூலை நடுவில் வந்து நிற்கும், அதாவது ஆடி பிறக்கும் சமயம். "12 வாரத்தில் ஹாஃப்" என்று இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள், ஏற்கெனவே 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடுகிறவர்களுக்கானவை. புதியவர் அதை எடுத்துக்கொண்டால் ஆறாவது வாரம் பிசியோவிடம் போவார்.

அக்னி நட்சத்திரத்தில் தொடங்க வேண்டாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதில் இரண்டு வாரமாவது தண்ணீரிலேயே போய்விடும் என்று இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வாரத்தை ஈடுகட்டுவதாகச் சொல்லி அடுத்த வாரத்தில் இரட்டிப்பாக ஓடுவதுதான் டிசம்பர் காயங்களுக்குப் பெரிய காரணம். விட்டுப்போன வாரம் போனதுதான்.

3. ஷூ

ஓட்டத்துக்கென்று செய்த ஷூவாக இருக்க வேண்டும். 4,000 முதல் 8,000 ரூபாய்க்குள் முதல் வருடத்துக்குப் போதுமான நல்ல ஷூ கிடைக்கும். போன வருட மாடலாக இருந்தால் இன்னும் குறையும். கார்பன் தகடு வைத்த விலையுயர்ந்த ஷூ புதியவருக்குத் தேவையில்லை. அது ஆடுசதைக்கும் பாதத்துக்கும் வேறுவிதமான சுமையைக் கொடுக்கும்.

மாலையில் போய் வாங்குங்கள், பகல் முழுக்க நின்று நடந்த பாதம் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அலுவலகச் செருப்பின் அளவைச் சொல்லி வாங்கினால் பெரும்பாலும் சின்னதாகிவிடும், பிறகு நகம் கறுக்கும். உங்கள் பாதம் தட்டை, உள்ளே சாய்கிறது, அதற்கென்று தனி ஷூ என்று கடையில் சொன்னால் உடனே பணத்தைக் கொடுக்காதீர்கள். மூன்று நான்கு ஜோடி போட்டு, கடைக்குள்ளேயே மெதுவாக ஓடிப் பார்த்து, எது போட்டதே தெரியாத மாதிரி இருக்கிறதோ அதை எடுங்கள்.

ஒரு ஜோடி சுமார் 500 முதல் 800 கிலோமீட்டர் தாங்கும். வாங்கிய தேதியை ஷூவின் நாக்குப் பகுதியில் உள்பக்கம் எழுதி வையுங்கள். சாக்ஸ் பருத்தியில் வேண்டாம், வியர்வையில் ஊறிக் கொப்புளம் போடும்.

கடற்கரை மணலில் வெறுங்காலில் ஓடினால் கால் வலுப்படும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். பழகாத காலுக்கு மெரினா மணல் குதிகால் தசைநாரை இழுத்துவிடும். அலை ஓரத்து ஈர மணல் ஒருபக்கம் சரிந்திருப்பதால் முழங்காலுக்கும் இடுப்புக்கும் கெடுதல். மணலில் நடங்கள், ஓட்டத்தை ரோட்டிலோ மண் மைதானத்திலோ வைத்துக்கொள்ளுங்கள்.

4. முதல் 8 வாரம்: நடையும் ஓட்டமும் கலந்து

வாரம் 3 நாள், ஒன்றுவிட்டு ஒரு நாள். செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் முதல் 5 நிமிடம் வேக நடை, கடைசி 5 நிமிடம் மெதுநடை.

முதல் 2 வாரம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 முறை.
3, 4-ம் வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 7 முறை.
5, 6-ம் வாரம்: 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 5 முறை.
7-ம் வாரம்: 8 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 3 முறை.
8-ம் வாரம்: 10 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 3 முறை.

முதல் வாரத்தைப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று தோன்றும். கூடுதலாகச் செய்யாதீர்கள். உங்கள் மூச்சுக்கு இது குறைவுதான், முன்எலும்புக்கு இது போதும். உடல் எடை அதிகம் உள்ளவர்கள் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு வாரம் நீட்டிக்கொள்ளுங்கள். அதற்குத் தகுந்த மாதிரி ஜூனிலேயே தொடங்கிவிட வேண்டும்.

எவ்வளவு வேகம்? பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். தனியாக ஓடுபவர்கள் ஒரு திருக்குறளை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். ஏழு சீரும் இழுபடாமல் வந்தால் சரியான வேகத்தில் இருக்கிறீர்கள். கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பு எண்ணைவிட இது நம்பகமானது, ஏனென்றால் மணிக்கட்டில் அளக்கும் கருவிகள் சில சமயம் காலடி எண்ணிக்கையையே துடிப்பாகக் காட்டிவிடும்.

காலடி நீளமாக எட்டிவைத்து, குதிகாலை உடம்புக்கு வெகு முன்னால் ஊன்றுவது புதியவர்களிடம் அதிகம். அந்த அதிர்ச்சி முழுவதும் முழங்காலுக்கு ஏறும். 30 விநாடிக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். அதைவிட 5 சதவீதம் கூட்டினால் அடி தானாகச் சின்னதாகும், பாதம் உடம்புக்குக் கீழே விழும். எல்லாருக்கும் நிமிடத்துக்கு 180 அடி என்ற சட்டமெல்லாம் இல்லை.

5. 9-ம் வாரம் முதல் 24-ம் வாரம் வரை

இனி வாரத்துக்கு 4 நாள் ஓடலாம். உடம்பு ஒத்துழைக்காவிட்டால் 3 நாளே போதும். வார நாட்களில் 30 முதல் 50 நிமிட ஈஸி ரன், அதாவது பேசிக்கொண்டே ஓடும் மெதுவான ஓட்டம். ஞாயிறு காலை லாங் ரன், அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டம். அதன் தூரம் மட்டும் இப்படி ஏறட்டும்: 5, 6, 7, 5, 8, 9, 10, 7, 11, 12, 14, 10, 16, 18, 12 கிலோமீட்டர், அடுத்த ஞாயிறு போட்டி.

மூன்று வாரம் ஏறி நான்காவது வாரம் இறங்குவதைக் கவனியுங்கள். எலும்பும் தசைநாரும் கட்டிக்கொள்ளும் வாரம் அதுதான். நன்றாக இருக்கிறோமே என்று அந்த வாரத்தைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அடுத்த மாதம் நொண்டுகிறார்கள். வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்ற விதியை நிறையக் கேட்பீர்கள். வாரக் கணக்கைவிட நான் அதிகம் பயப்படுவது ஒரே நாளில் நிகழும் தாவலுக்கு. போன மாதம் முழுக்க 10 கிலோமீட்டரைத் தாண்டாதவர், நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று ஈ.சி.ஆர்-ல் 18 ஓடுவது. குழுவோடு ஓடும்போது இந்த இழுப்பு மிகவும் பலமாக இருக்கும். உங்கள் தூரம் முடிந்ததும் திரும்பிவிடுவதாகக் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.

மழையில் இரண்டு வாரம் போய்விட்டதா? 16 வரை போனாலே போதும். 16 கிலோமீட்டரைச் சிரமமில்லாமல் முடித்தவரால் போட்டி நாளில் 21-ஐ முடிக்க முடியும். போட்டிக்கு முன் ஒருமுறை 21 ஓடிப்பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் வேண்டாம்.

வேகப் பயிற்சி, டிராக்கில் இன்டர்வல் (கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் மெதுவாக என்று மாறி மாறி ஓடுவது), மேம்பாலத்தில் ஏறி இறங்குவது எல்லாவற்றையும் முதல் ஹாஃப் முடியும்வரை தள்ளிவையுங்கள். தூரத்தையும் வேகத்தையும் ஒரே சமயத்தில் கூட்டினால் எதனால் வலி வந்தது என்றே தெரியாது.

குழு வேண்டும் என்பவர்களுக்கு, சென்னை ரன்னர்ஸ் 2006-ல் தொடங்கிய அமைப்பு. பகுதிவாரியாகக் கிளைகள் உண்டு, சென்னை மாரத்தானை நடத்துபவர்களும் அவர்களே. இருட்டில் தனியாக ஓடத் தயங்கும் பெண்களுக்குக் குழு மிகப் பெரிய துணை. கோவையில் ரேஸ்கோர்ஸ் சுற்றுப்பாதையில் விடியற்காலையில் போய் நின்றாலே கூட்டாளிகள் கிடைத்துவிடுவார்கள்.

6. வாரம் இருமுறை, 20 நிமிடம் வலுப்பயிற்சி

ஜிம் தேவையில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்தி இறக்குதல் (முதலில் இரண்டு காலில், பிறகு ஒற்றைக் காலில்), நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், படியில் ஏறி இறங்குதல், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துதல், ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குதல், பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராகத் தாங்கிப் பிடிப்பது). பிளாங்க் தவிர மற்றவை ஒவ்வொன்றும் 12 முதல் 15 வீதம் 3 முறை. ஒற்றைக் காலில் 20 முறை குதிகாலை உயர்த்த முடியாத ஆடுசதை, 21 கிலோமீட்டரைத் தாங்கத் தயாராகவில்லை.

ஓட்டத்துக்கு முன் நின்ற இடத்தில் நீண்ட நேரம் தசையை இழுத்துப் பிடிப்பதால் காயம் குறைவதில்லை. 5 நிமிட நடையும், கால் வீச்சும், முழங்காலைத் தூக்கி நடப்பதும் போதும்.

7. வலி வந்தால் என்ன செய்வது

ஓட ஆரம்பித்தால் எங்காவது வலிக்கத்தான் செய்யும். எந்த வலியோடு ஓடலாம், எதில் நிற்க வேண்டும் என்று பிரிக்கத் தெரிந்தால் பல மாத அலைச்சல் மிச்சம். 10-க்கு எத்தனை வலி என்று மனதுக்குள் மதிப்பெண் போடுங்கள். 3 வரை இருந்து, நடை மாறாமல், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் குறைத்து ஓடலாம். 3-ஐத் தாண்டினாலோ, நொண்டினாலோ, மறுநாள் கூடினாலோ நிறுத்திவிடுங்கள்.

இடத்தை வைத்தும் ஓரளவு அடையாளம் காணலாம்.

முழங்காலுக்குக் கீழே, முன்எலும்பின் உள்ஓரம் நெடுக வலி: ஷின் ஸ்பிளின்ட்ஸ் என்பார்கள். விரலால் அழுத்திப் போனால் 5 சென்டிமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு வலிக்கும். இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாக்கி, ஆடுசதைப் பயிற்சி செய்தால் பெரும்பாலும் தணியும்.

அதே எலும்பில் ஒரு புள்ளியில் மட்டும் வலி: விரல் நுனியால் "இங்கேதான்" என்று காட்ட முடிகிறது, ஒற்றைக் காலில் குதித்தால் சுரீர் என்கிறது, ராத்திரி படுக்கையிலும் வலிக்கிறது என்றால் எலும்பு விரிசலாக இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் பெரும்பாலும் தெரியாது. "எக்ஸ்ரே நார்மல், ஓடலாம்" என்று சொல்லிவிட்டால் அதை நம்பி ஓடி, சின்ன விரிசலைப் பெரிதாக்கிக்கொள்வார்கள். வலி ஒரே புள்ளியில் இருந்தால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று நீங்களே வாய்திறந்து கேளுங்கள். தனியாரில் பல ஆயிரம் ரூபாய் ஆகும், அரசு மருத்துவமனையில் கணிசமாகக் குறைவு, ஆனால் காத்திருக்க வேண்டியிருக்கலாம். முன்எலும்பு விரிசலுக்குப் பொதுவாக 6 முதல் 8 வாரம் ஓட்டம் கூடாது. தொடையிடுக்கில் ஆழமான வலி வந்து, ஊன்றினால் கூடுகிறது என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் விழுந்தால் அறுவைசிகிச்சை வரை போகும்.

முழங்கால் சில்லைச் சுற்றி வலி, படி இறங்கும்போதும் சம்மணமிட்டு எழும்போதும் அதிகம்: இதை 'ரன்னர்ஸ் நீ' (ஓட்டக்காரர் முழங்கால்) என்பார்கள். இடுப்புக்கும் தொடைக்கும் வலுப்பயிற்சி, சிறிய காலடி. முழங்காலின் வெளிப்பக்கம், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே தூரத்தில் ஆரம்பிக்கும் வலி: ஐ.டி. பேண்ட் (தொடையின் வெளிப்பக்கம் முழங்கால்வரை இறங்கும் பட்டை). இறக்கத்தையும், எப்போதும் ரோட்டின் ஒரே சரிவான ஓரத்தில் ஓடுவதையும் தவிருங்கள்.

காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலின் அடியில் குத்தல்: பிளான்டார் ஃபேசியைட்டிஸ். வீட்டுக்குள் மொசைக் தரையில் வெறுங்காலில் நடப்பதை நிறுத்தி மெத்தென்ற செருப்பு போடுங்கள். குதிகாலுக்கு மேலே, பின்பக்கத் தசைநாரில் காலைநேர விறைப்பு: அகிலீஸ். படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியை 3 முறை 15 வீதம் பொறுமையாகச் செய்ய வேண்டும். குணமாக 12 வாரம்கூட ஆகலாம். முழு ஓய்வு எடுத்தால் சரியாகாது, ஓட ஆரம்பித்ததும் திரும்பி வரும்.

பிசியோவிடம் ஒரு முறை போனால் 500 முதல் 1,000 ரூபாய் வரை ஆகும். ஓட்டக்காரர்களைப் பார்த்துப் பழகியவராகத் தேடுங்கள். என்ன பயிற்சி, எத்தனை வாரம், எப்போது மறுபடி ஓடலாம் என்று எழுதிக் கொடுக்காமல், தினமும் வந்து கரண்டும் சூடும் மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். தயவுசெய்து செய்யாதீர்கள். எலும்பு கொடுக்கும் எச்சரிக்கையை மாத்திரை மறைத்துவிடும். அதோடு, நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்கும். போட்டி நாள் காலையில் முன்னெச்சரிக்கையாக ஊசி போட்டுக்கொள்வது அதைவிட ஆபத்து.

ஓடத் தொடங்கியபின் மாதவிலக்கு தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ பெண்கள் அதை அலட்சியம் செய்யக் கூடாது. ஓடுகிற அளவுக்குச் சாப்பிடவில்லை என்று உடம்பு சொல்கிறது. எலும்பு மெலிவது அங்கிருந்துதான் தொடங்கும். எடை குறைக்க இரவு உணவை விட்டுவிட்டு ஓடும் ஆண்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

8. புழுக்கம், தண்ணீர், உப்பு

சென்னையில் விடியற்காலை 5 மணிக்கு வெயில் இல்லை, ஆனால் காற்றில் ஈரம் உச்சத்தில் இருக்கும். வியர்வை காயாமல் வழிந்தோடும், உடம்பு குளிராது. பழக 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை, சொல்லப்போனால் அதற்குப் பிறகும், வேகத்தைக் கடிகாரத்தில் பார்க்காதீர்கள். பெங்களூரில் ஓடும் நண்பரின் வேகத்தோடு ஒப்பிடவே வேண்டாம்.

எவ்வளவு குடிப்பது என்பதை ஒரு தராசு சொல்லிவிடும். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். 1 கிலோ குறைந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் வியர்த்திருக்கிறது, இடையில் குடித்ததையும் கூட்டிக்கொள்ளுங்கள். அவ்வளவையும் ஓடும்போதே திரும்ப ஊற்ற வேண்டியதில்லை. தாகத்துக்குக் குடித்தால் போதும். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால்தான் பயம். வெறும் தண்ணீரை மிதமிஞ்சிக் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்கினால் தலைவலி, வாந்தி, குழப்பம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாட்களில் ஓ.ஆர்.எஸ். எடுத்துப் போங்கள். மருந்துக்கடையில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி என்று அச்சிட்ட பொடிப் பாக்கெட்டாக வாங்குங்கள், ஒன்று சுமார் 20 ரூபாய். 20.5 கிராம் பாக்கெட் என்றால் 1 லிட்டரில் முழுவதும் கரைக்க வேண்டும். அரை பாட்டிலில் முழுப் பாக்கெட்டைக் கொட்டினால் வயிறு கெடும். அவசரத்துக்கு வீட்டில் 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இளநீர் நல்லது, ஆனால் வியர்வையில் போகும் சோடியத்தை ஈடுகட்டும் அளவு அதில் இல்லை.

கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ. 75, 90 நிமிடத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கும். பேரீச்சை, கடலைமிட்டாய் எல்லாமே வேலை செய்யும், ஜெல் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. எதுவானாலும் லாங் ரன்னில் பழகியதை மட்டுமே போட்டியில் சாப்பிடுங்கள்.

உடன் ஓடுபவர் தடுமாறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, திடீரென்று எரிந்து விழுந்தாலோ வெப்பத் தாக்கு என்று சந்தேகப்படுங்கள். வியர்த்துக்கொண்டிருந்தாலும் சரி. நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறி, கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வைத்து உடனே குளிர்விக்கத் தொடங்குங்கள். 108-ஐ இன்னொருவர் அழைக்கட்டும். வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது.

9. ரோடு

எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரத்தில் ஓடுங்கள். இருட்டில் மின்னும் பட்டை கட்டுங்கள், இரண்டு காதிலும் பாட்டு வேண்டாம். தண்ணீர் தேங்கிய தெருவில் மூடியில்லாத வடிகாலும் கரண்டு கம்பியும் இருக்கலாம், அன்று வீட்டில் வலுப்பயிற்சி செய்யுங்கள்.

நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி மெதுவாக நடங்கள். கடித்தாலோ பல் கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் தடுப்பூசி இலவசம். ஒரு ஊசியோடு நிறுத்தாமல் சொல்லும் தேதிகளில் எல்லாத் தவணையும் போட வேண்டும்.

10. பதிவு, பணம், ஆவணம்

பதிவு சில மாதம் முன்பே தொடங்கிவிடும். முதலில் பதிபவர்களுக்குக் கட்டணம் குறைவு, பிறகு ஏறும். ஹாஃபுக்குச் சுமார் 1,000 முதல் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாகப் பணம் திரும்பக் கிடைக்காது. ஆகவே 8-ம் வாரத்தைக் காயமில்லாமல் முடித்தபின் பதிவு செய்யச் சொல்வேன், கட்டணம் இருநூறு முந்நூறு கூடினாலும் பரவாயில்லை. தூரத்தைக் கடைசியில் மாற்ற அனுமதிப்பார்களா என்று விதிமுறையில் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். ரத்த வகை, அவசரத் தொடர்பு எண் இரண்டையும் சரியாக நிரப்புங்கள். அவசரத் தொடர்பு என்று உங்களோடு ஓடுகிறவரின் எண்ணையே கொடுத்தால் பயனில்லை, அவர் கையில் போன் இருக்காது.

பிப்பை (சட்டையில் குத்திக்கொள்ளும் உங்கள் போட்டி எண் தாள்) போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் எக்ஸ்போவில் (அமைப்பாளர்கள் அதை வழங்கும் அரங்கு) வாங்க வேண்டும், பெரும்பாலும் போட்டி நாளில் தரமாட்டார்கள். பதிவு உறுதிக் கடிதம், ஆதாரோ வேறு புகைப்பட அடையாள அட்டையோ எடுத்துப் போங்கள். வேறொருவர் வாங்கப் போனால் உங்கள் கையெழுத்திட்ட கடிதமும் அடையாள அட்டை நகலும் கேட்பார்கள். வெளியூர்க்காரர்கள் சனிக்கிழமை காலையே வந்துசேரும்படி டிக்கெட் போடுங்கள்.

இன்னொருவர் பிப்பை வாங்கிக்கொண்டு ஓடவே ஓடாதீர்கள். மயங்கி விழுந்தால் உங்களுக்கு வேறொருவரின் ரத்த வகை, போன் போவது வேறொருவரின் வீட்டுக்கு.

ஓடி முடித்ததும் வரும் நேரச் சான்றிதழைச் சேமித்து வையுங்கள். மும்பை மாரத்தான் போன்ற போட்டிகளில் முழு மாரத்தானுக்குப் பதியும்போது முந்தைய நேரச் சான்று கேட்பார்கள்.

11. கடைசி வாரமும் போட்டி நாளும்

கடைசி வாரத்தில் இரண்டு முறை 20, 30 நிமிட மென்னோட்டம், அவ்வளவுதான். கால் பரபரக்கும், ஓடாதீர்கள். புது ஷூ, புது சாக்ஸ், புது சாப்பாடு எதுவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை இரவு நன்றாகத் தூங்குங்கள், சனி இரவு எப்படியும் தூக்கம் வராது.

சென்னையில் சமீப ஆண்டுகளில் முழு மாரத்தான் நேப்பியர் பாலத்தருகிலிருந்தும் ஹாஃப் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலிருந்தும் தொடங்கின. இந்த ஆண்டு எங்கே என்று பிப்போடு வரும் தாளில் பாருங்கள். தொடங்கும் இடமும் முடியும் இடமும் வேறாக இருக்கலாம், வண்டியை எங்கே விடுவது என்று முன்தினமே முடிவுசெய்யுங்கள். இருட்டிலேயே ரோடு மூடிவிடுவார்கள், ஆட்டோ உள்ளே வராது. கழிப்பறை வரிசைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தொடை, அக்குள் உரசும் இடங்களில் வாஸ்லின் தடவுங்கள். ஆண்கள் மார்புக்காம்பில் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் 15 கிலோமீட்டரில் சட்டையில் ரத்தம் தெரியும்.

முதல் 5 கிலோமீட்டர் எல்லாரும் உங்களைத் தாண்டிப் போகட்டும். தண்ணீர் மேசை வரும்போது நடந்துகொண்டே குடியுங்கள். நடப்பதற்குத் தடையில்லை, கட் ஆஃப் (முடிக்க அனுமதித்த கடைசி) நேரத்துக்குள் முடித்தால் போதும். சூரியன் ஏறியபின் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள், ஷூ நனையாமல் குனிந்து ஊற்றுங்கள். நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல், வெயிலில் குளிர் நடுக்கம், இவற்றில் எது வந்தாலும் அடுத்த மருத்துவ மேசையில் நின்றுவிடுங்கள்.

முடிந்ததும் உடனே உட்காராமல் 10 நிமிடம் நடங்கள், பிறகு உப்பு போட்ட மோர், ஒரு மணி நேரத்துக்குள் சாப்பாடு. முதல் வாரம் நடை மட்டும். இரண்டாவது வாரம் 20 நிமிட மென்னோட்டம். அந்த வாரத்திலும் ஏதாவது ஒரு இடம் தொடர்ந்து வலித்தால், 7-ம் படியில் சொன்ன மாதிரி விரலால் அழுத்திப் பாருங்கள். முழு மாரத்தானுக்கான பதிவை இந்த ஆண்டு விட்டுவிட்டு, அடுத்த ஆடியிலிருந்து அதற்கான பயிற்சியைத் தொடங்குங்கள்.